ஒரு திடலின் மூச்சை அளக்கப் போனேன்

மலேசியாவுக்கு நான் எடுத்துச் சென்றவற்றில் முக்கியமான பொருள் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. காற்றில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சென்சார் அது. மெல்லிய துணியில் சுற்றி, புதிய ஊறுகாய் டப்பா ஒன்றில் வைத்துக் கைப்பையில் கொண்டு போனேன். அந்த டப்பாவில் ஊறுகாய் இருந்ததே இல்லை. இருந்தும் சுங்க அதிகாரி திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்துடன் திருப்பிக் கொடுத்தார்.

கோயம்புத்தூரில் ஒரு வேளாண் கல்லூரியின் ஆய்வகக் கருவிகளைச் சரிபார்த்துப் பராமரிப்பது என் வேலை. புவனேஸ்வரி அங்கே படித்த மலேசியப் பெண். ரவாங் ஊர்க்காரி, அம்மா தொழிற்சாலையில் வேலை பார்த்துப் படிக்க வைத்தவர். இப்போது புவனா தன் நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணியல் கற்பிக்கிறாள். வட சிலாங்கூரின் ஊர்ப் பூங்காக்களிலும் திடல்களிலும் மண் எவ்வளவு மூச்சு விடுகிறது என்பதை ஒரு வருடமாக மாதந்தோறும் அளந்து வந்தாள். கடைசி மாத அளவு மட்டும் பாக்கி இருந்தபோது சிக்கல் வந்தது. மற்ற இடங்களில் எல்லாம் ஒழுங்காக இருக்க, ஒரே ஒரு திடலில் மட்டும் இரண்டு மாதமாக எண்கள் ஏறிக்கொண்டே போயின.

"மிசின்தான்க்கா கெட்டுப் போச்சுன்னு நெனக்கிறேன். நீங்க செக் பண்ண சென்சார் ஒன்ன எடுத்துக்கிட்டு நேர்லயே வந்துருங்களேன்" என்று தொலைபேசியில் சொன்னாள். அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்தத் திடலைத் தார் போட்டுக் கார் நிறுத்துமிடமாக மாற்ற உள்ளூர் மன்றத்திடம் ஒரு யோசனை இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கான கூட்டம். புவனாவின் அளவுகளும் அங்கே வைக்கப்படும்.

மண் மூச்சு விடுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வேர்கள் சுவாசிக்கின்றன. உதிர்ந்த இலையையும் செத்த வேரையும் தின்று வாழும் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. அந்தக் காற்றெல்லாம் மண் வழியாக மேலே வருகிறது. அதை அளக்க, அகலமான வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைக் குட்டையாக நறுக்கி, வளையம் வளையமாக மண்ணில் பாதி புதைத்து வைக்கிறோம். அளக்கும் நாளில் வளையத்தின் மேல் ஒரு மூடியைப் பொருத்தினால், உள்ளே கரியமில வாயு சேரும் வேகத்தைச் சென்சார் சொல்லிவிடும். இலை வழியாக மண்ணுக்குள் போகும் கார்பனில் எவ்வளவு தங்குகிறது, எவ்வளவு திரும்புகிறது என்று கணக்கிட இந்த மூச்சு தெரிய வேண்டும்.

திங்கட்கிழமை கோல சிலாங்கூரில் தொடங்கினோம். பசியாற ஒரு தமிழ் முஸ்லிம் கடைக்குப் போனோம். காலைச் சாப்பாட்டுக்கு இங்கே பசியாறுதல் என்று பெயர். கோவையில் 'டிபன்' சொல்லிப் பழகிய எனக்கு இந்தச் சொல்லே வயிற்றை நிறைத்தது. ரொட்டி சானாய் வந்தது. நம் பரோட்டாவுக்குத் தம்பி. ஆனால் அண்ணனைவிட மென்மையானவன். கடைக்காரரின் பூர்வீகம் இராமநாதபுரம் கடற்கரை. நான் கோவை என்றதும், "கோயம்புத்தூரா? அங்க கடலே இல்லயேம்மா! எப்படி இருக்கீங்க?" என்று உண்மையான பரிவோடு கேட்டார்.

மலாவாத்தி குன்றின் அடிவாரப் பூங்காவில் பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன. அவற்றின் கீழ் இலைகள் உதிர்ந்தபடியே கிடக்கின்றன. எங்கள் ஊரில் பூங்கா ஊழியர் விடியும் முன்பே கூட்டிக் குவித்துத் தீ வைத்துவிடுவார். காலை நடைக்கு வருகிறவர்கள் அந்தப் புகைக்குள்தான் ஆரோக்கியம் தேடுவார்கள். இங்கே பூங்காவுக்குப் பூட்டும் இல்லை, புகையும் இல்லை. இலைகளுக்கு அடியில் மண் ஈரமாக, கறுத்து, விரலுக்கு இளகிக் கொடுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குள் குரங்கு ஒன்று வந்து மூடியைப் பொதிந்திருந்த பஞ்சுறையைத் தூக்கிக்கொண்டு மரமேறிவிட்டது. அங்கிருந்த மலாய்ப் பெண்மணி ஒருவர், "திட்டாதீர்கள், திட்டினால் கிழிக்கும், கண்டுகொள்ளாமல் இருந்தால் போட்டுவிடும்" என்று சொன்னதைப் புவனா மொழிபெயர்த்தாள். கண்டுகொள்ளாததுபோல் நடிப்பது எனக்கு வராத கலை. இருந்தாலும் உறை திரும்பக் கிடைத்தது, ஒரு மூலை மட்டும் குறைவாக.

என் சென்சாரும் புவனாவின் சென்சாரும் அங்கே ஒரே அளவைக் காட்டின. ஓரிடத்தை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்பதால் செவ்வாய்க்கிழமை சுங்கை பெசார் பூங்காவுக்குப் புறப்பட்டோம்.

வழியில் எங்களுக்கு முன்னால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, பழம் ஏற்றிப் போன லாரியின் பின்கதவு திறந்துகொண்டது. குலைகள் சாலையெங்கும் உருண்டன. பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் நின்றன. ஒருவரும் ஒலிப்பானை அழுத்தவில்லை. மலாய் ஓட்டுநர் நிதானமாக இறங்கி, "அவசரம் வேண்டாம், பழம் எங்கே ஓடிவிடப் போகிறது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு குலை ஓடிப்போய் வாய்க்காலில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். பிறகு எல்லோரும் இறங்கிக் குலைகளைத் தள்ளி ஓரம் சேர்த்தோம். நானும் ஒன்றைப் பிடித்தேன். செம்பனைக் குலையில் முள் உண்டு என்பதை விரல்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மோட்டார் சைக்கிளில் வந்த சீனப் பெரியவர் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

சுங்கை பெசாரில் சுற்றிலும் நெல் வயல். பூங்காவின் மண் சாம்பல் நிறக் களி. அங்கேயும் இரண்டு சென்சாரும் ஒத்துப்போயின. மதியம் கணவாய் மீன் போட்ட மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்டபடி புவனாவிடம் முடிவைச் சொன்னேன்: "உன் சென்சாரில் ஒரு குறையும் இல்லை."

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ அந்தத் திடலு நெசமாவே அவ்வளவு மூச்சு விடுதாக்கா?"

புதன்கிழமை அங்கே போனோம். ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டத்தின் பந்துத் திடலாக இருந்தது அது. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இடிக்கப்பட்டு, வரிசை வீடுகள் கட்டப்பட்டன. திடல் மட்டும் நடுவில் தப்பியிருக்கிறது. புல்லை வெட்டுவதும் ஓரத்து மரங்களைக் கவனிப்பதும் குடியிருப்பவர்களே. முறை வைத்துச் செய்கிறார்கள். யாரும் யாரையும் மேற்பார்வை செய்யாத ஒரு வேலை இவ்வளவு சுத்தமாக நடப்பதை எங்கள் தெருவில் நான் கண்டதில்லை. சாலையோரத்தில் மட்டும் புதிதாக ஒரு பலகை நின்றது: கார் நிறுத்துமிடத் திட்டம்.

திடலை ஒட்டித் தகரக் கூரை போட்ட நாசி லெமாக் கடை. நடத்துபவர் பாக்கியம் அக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். தோட்டம் இருந்தவரை அங்கே வேலை பார்த்தவர்.

"வாங்க, வாங்க! இந்தியாவுலருந்து மிசினு வந்துருச்சா? மொதல்ல பசியாறுங்க, அப்புறம் மண்ண நோண்டலாம்."

நெத்திலி வேண்டாம் என்றேன். தேங்காய்ப்பால் சோற்றின்மேல் சம்பலை வைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "நெத்திலி இல்லாம நாசி லெமாக்கா? கோயில் பொங்கலு கேட்டுருக்கலாம் லா நீங்க!"

வளையங்களின் மேல் மூடியைப் பொருத்தினோம். இரண்டு சென்சாருமே உச்சத்துக்குப் போயின. கருவியைச் சந்தேகிக்க இனி வழியில்லை. மண்டியிட்டு ஒவ்வொரு வளையமாகப் பார்த்தேன். உள்ளே இருந்த புல் வெளியே இருப்பதைவிடக் கரும்பச்சையாக இருந்தது. புல்லை விலக்கினால் அடியில் பழுப்புத் தூள், தூளில் உமி. திடலில் உமி எப்படி வந்தது? முகர்ந்தேன். கோழிப் பண்ணை வாசனை லேசாக வந்தது.

புவனா கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அக்கா, இந்த வளையத்துக்குள்ள யாராச்சும் எதாச்சும் கொட்டுனாங்களா?"

பாக்கியம் அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டிங்களா டீச்சர்? நான்தான்! கோழி எரு, நல்லா மக்குனது. புல்லு எப்படி இருக்கு பாத்திங்களா?"

"ஏன்க்கா போட்டீங்க?"

"பின்ன? மாசா மாசம் வந்து பரீட்ச வைக்கிறீங்க. பலகைய வேற நட்டுட்டானுங்க. திடலு பெயிலாச்சுன்னா தாரு ஊத்திருவாங்க. பெத்த புள்ளைய வெறும் வயித்தோட பரீட்சைக்கு அனுப்புவோமா?"

"அதுக்கு ஏன் வளையத்துக்குள்ள மட்டும் போட்டீங்க?" என்று நான் கேட்டேன்.

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "வட்டம் போட்டு வச்சிருந்தா வேற எங்கம்மா போடுவாங்க? செம்பனைக்கு அடியில சுத்தி வட்டமா செதுக்கி வச்சிருப்பாங்க. அதுக்குள்ளதான் பாஜா போடணும். ஒரு புடி வெளிய விழுந்தா மண்டோரு கத்துவாரு, 'ஏ பாக்கியம், மரத்துக்குப் போடச் சொன்னா புல்லுக்கா சோறு போடுற?'ன்னு. காலமெல்லாம் வட்டத்தப் பாத்தா பாஜாதான். கை தானா போயிருது."

பாஜா என்றால் உரம், மண்டோர் என்றால் கங்காணி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புவனாவுக்கு வரவில்லை. அவள் அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள்: "மூச்சு கூடுனா பாஸ்னு இல்லக்கா. எருவத் தின்னுட்டு கிருமியெல்லாம் மூச்சு விடுது. பேப்பர்ல பாக்கிறப்ப இந்தத் திடலு வரவர அதிகமா கரிக்காத்து விடுற மாரி தெரியுது. போன மாசக் கணக்கப் பாத்துட்டு மன்றத்துல ஒருத்தரு, புல்லுக்குத் தாரே தேவலன்னு சொல்லிட்டாரு."

பாக்கியம் அக்கா கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நானே கெடுத்துட்டேனா?"

புவனா எழுந்து போய்க் காரிலிருந்து புதிய வளையங்களை எடுத்துவந்தாள்.

பழைய வளையங்கள் இனி உதவாது. புதியவற்றைப் புதைக்க வேண்டும். எருவிலிருந்து விலகியிருக்க வேண்டும், ஆனால் நல்ல இடமாகப் பார்த்து நாம் தேர்ந்தெடுக்கவும் கூடாது. புவனா கண்ணை மூடிக்கொண்டு செருப்பை வீசினாள். அது விழுந்த இடங்களில் வளையத்தை அடித்து இறக்கினோம். புதைக்கும்போது வேர் அறுபடும், மண் கலங்கும். உடனே அளந்தால் பொய் சொல்லும். வெள்ளிக்கிழமை காலை வரை அதைத் தொடாமல் விட வேண்டும்.

ஆனால் மாலையில் தொழிற்சாலை வேலை முடிந்து வருகிறவர்கள் அங்கேதான் பந்து விளையாடுவார்கள். பாக்கியம் அக்கா நாற்காலியைத் தூக்கிவந்து வளையங்களுக்குக் காவலாகப் போட்டுக்கொண்டார். பாதித் திடலில் விளையாடுங்கள் என்று உத்தரவு.

"அரைத் திடல்ல அடிச்சா அரை கோலுதானா ஆண்ட்டி?"

"முழுத் திடல்ல மட்டும் என்னா கிழிச்சீங்க? போன வாரம் அஞ்சு வாங்கிட்டு வந்தவனுங்கதான நீங்க?"

பாதித் திடலிலேயே ஆடினார்கள். பந்து இந்தப் பக்கம் வந்தபோது ஓடிவராமல், கோட்டருகே நின்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் இந்த ஊரை முழுமையாக மெச்சியது அப்போதுதான்.

வியாழக்கிழமை பிற்பகல் மழை கொட்டியது. கோவையில் காய்ந்த மண்ணின்மேல் மழை விழுந்தால் மூச்சு ஒரே நாளில் பலமடங்கு எகிறும். அதுவரை தூங்கிய நுண்ணுயிர் எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துச் சாப்பிட உட்காரும். நான் கவலைப்பட்டேன். புவனா தலையை ஆட்டினாள். "இங்க மண்ணு காயவே காயாதுக்கா. தூங்குனாத்தான முழிக்கிறதுக்கு?" அவள் சொன்னது சரியாகப் பட்டது. ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

கடைக்குள் ஒதுங்கி உட்கார்ந்திருந்தோம். தகரத்தின்மேல் மழைச் சத்தம். பாக்கியம் அக்கா பின்பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். புவனா என் பக்கம் குனிந்து, சொற்களைப் பொறுக்கிப் பேசினாள்.

"அக்கா, அந்த ரெண்டு மாசக் கணக்க எடுத்துறலாம். சென்சார் பழுதுன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும். பாக்கியம் அக்கா பேரு வெளிய வராது. கூட்டத்துல அவங்களப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்க."

சென்சார் பழுதில்லை என்று இரண்டு ஊரில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் கேட்டது தனக்காக இல்லை என்பதும் தெரிந்தது. "நல்ல கருவியைக் கெட்டது என்று என்னால் எழுத முடியாதும்மா" என்றேன். அவள் முகம் வாடியது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். பாக்கியம் அக்கா ஈரக் கையோடு வாசலில் நின்றார்.

"மிசினு மேல எதுக்குப் பழி? நானே சொல்றேன்."

"பெரிய ஆளுங்க வருவாங்கக்கா. மலாய்ல கேப்பாங்க. சிரிப்பாங்க."

"எம்மலாய்க்கு என்னா கொற? சந்தையில அதுலதான பேரம் பேசுறேன். சிரிச்சா சிரிக்கட்டும்." சொல்லிவிட்டாரே தவிர, முந்தானையில் கை துடைத்துக்கொண்டேயிருந்தார், கை காய்ந்த பிறகும்.

வெள்ளிக்கிழமை காலை, திடலை ஒட்டிய சமூக மண்டபத்தில் கூட்டம். குடியிருப்புவாசிகள் நிறைந்திருந்தார்கள். உள்ளூர் மன்றத்திலிருந்து வந்த அதிகாரி நரைத்த மீசைக்காரர், மலாய்க்காரர். புவனாவின் வரைபடத்தைத் தூக்கிக் காட்டி, ஏறிப்போகும் கோட்டில் விரலை வைத்தார். அவர் பேசியதைப் புவனா எனக்குக் கிசுகிசுத்தாள்: "இந்தத் திடல் விடும் கரியமில வாயு இரண்டே மாதத்தில் இப்படி ஏறியிருக்கிறது. இதைப் பசுமை என்று காப்பாற்றச் சொல்கிறீர்கள். எதற்கு?"

பாக்கியம் அக்கா எழுந்தார். மலாயில் தொடங்கினார். வட்டம், செம்பனை, மண்டோர், கோழி எரு எல்லாவற்றையும் கையால் வரைந்து காட்டினார். மொழி தெரியாத எனக்கே எந்த இடத்தில் என்ன சொல்கிறார் என்று விளங்கியது. மண்டபம் சிரித்தது. அவர் காதுமடல் வரை சிவந்தார், ஆனால் உட்காரவில்லை. கடைசியாகச் சொன்னதைப் புவனா எனக்குத் தமிழில் சொன்னாள்: "தப்பு என் கை செய்தது, ஐயா. திடல் ஒன்றும் செய்யவில்லை."

அதிகாரியும் சிரித்தவர்தான். இப்போது மீசையைத் தடவினார். தன் அப்பாவுக்கும் கொஞ்சம் செம்பனை இருந்தது என்றும், தன் தாயும் இதையேதான் செய்திருப்பார் என்றும் சொன்னார். பிறகு புவனாவிடம் திரும்பி, "சரி. எரு இல்லாமல் இது எவ்வளவு? எனக்கு முன்னால் அளந்து காட்டுங்கள்" என்றார்.

எல்லோரும் திடலுக்கு நடந்தோம். இந்த வளையங்களில் என்ன எண் வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மழை பெய்திருக்கிறது. எண் எகிறினால், அக்கா பட்ட வெட்கமும் வீண், திடலும் போகும்.

முதல் வளையத்தைச் சுற்றிக் கூட்டம் குனிந்தது. சென்சார் உடனே தாவியது. மண்ணின் மூச்சு இல்லை, மனிதர்களின் மூச்சு. "தள்ளி நிற்கச் சொல், மூடி மூடும்வரை மூச்சு விட வேண்டாம்" என்றேன். புவனா மொழிபெயர்ப்பதற்கு முன்பே பாக்கியம் அக்கா மலாயில் அதட்டிவிட்டார். அதிகாரி முதல் ஆளாக வாயைப் பொத்தினார். அவருடைய எழுத்தர், பந்து விளையாடும் ஆட்கள், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்கள் எல்லோரும் ஒரு வெள்ளை வளையத்துக்காக மூச்சடக்கி நின்றதைப் பார்த்தேன். மூடி சொடுக்கென்று பொருந்தியது. கூட்டம் ஒன்றாகப் பெருமூச்சு விட்டது.

எண் மெல்ல ஏறியது. தாவவில்லை, படிப்படியாக, பொறுமையாக. இரண்டாவது வளையம், மூன்றாவது, அடுத்தடுத்தவை. புவனா கணக்கிட்டாள். பலகை வருவதற்கு முன்பு இருந்த மாதங்களின் அளவோடு ஒத்துப்போனது. அவள் நிமிர்ந்து, தட்டுத்தடுமாறாமல் சொன்னாள்: இந்த மண்ணுக்குள் நீண்ட காலத்துப் புல்லும் வேரும் கார்பனாகத் தங்கியிருக்கிறது. திடலாக இருந்தால் அது இங்கேயே இருக்கும். தோண்டி அள்ளிக் கொட்டினால், கொட்டிய இடத்தில் அதில் பெரும்பங்கு காற்றாகப் போய்விடும். தாருக்கு அடியில் புதிதாக எதுவும் சேரவும் சேராது.

அதிகாரி குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். மரங்களையும், அந்தப் பக்கத்துக் கால்வாயோரத்துத் தரிசையும் பார்த்தார். எழுத்தரிடம் ஏதோ சொன்னார். புவனா என் கையைப் பிடித்தாள். "காரெல்லாம் கால்வாய் ஓரம் நிக்கட்டும், வரைபடத்த மாத்தி எழுதுன்றாருக்கா. பலகைய எடுக்கச் சொல்றாரு."

பலகையைப் பிடுங்கக் கருவி இல்லை, நாளை ஆள் வரும் என்றார் எழுத்தர். பாக்கியம் அக்கா அதற்குள் கடைக்குப் போய் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். பந்து விளையாடும் ஆட்கள் வாங்கித் தோண்டினார்கள். பலகை அசைந்து, சாய்ந்து, கையோடு வந்துவிட்டது. கால் இருந்த இடத்தில் ஒரு குழி வட்டமாக வாய் திறந்து கிடந்தது.

அக்கா ஒரு செம்பருத்திக் குச்சியை ஒடித்துவந்து குழிக்குள் நிறுத்தினார். மண்ணைத் தள்ளப் போனவர், நிறுத்திவிட்டுப் புவனாவைத் திரும்பிப் பார்த்தார்.

"டீச்சர், இந்த வட்டத்துக்குப் போடலாமா?"

"போடுங்கக்கா. நல்லா போடுங்க."